முட்டை பொரிக்க மறுத்தவள்

அனைவருக்கும் வணக்கம். ‘ஒன்ஸ் வேர் வாரியர்ஸ்’ படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் சிலர் எழுந்திருக்கவே இல்லை. வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: “இந்த அடி அடிக்கிறானே, அவ ஏன் தம்பி முதல் நாளே கிளம்பிப் போகல?” பேசுவதற்காக எழுதி வந்த குறிப்பை அங்கேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன்.

‘ஒன்ஸ் வேர் வாரியர்ஸ்’ 1994-இல் வந்த நியூசிலாந்துப் படம். இயக்குநர் லீ தமஹோரிக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். ஆலன் டஃப் 1990-இல் எழுதிய நாவலுக்குத் திரைக்கதை அமைத்தவர் ரிவியா பிரவுன் என்ற மாவோரிப் பெண். மாவோரிகள் நியூசிலாந்தின் பூர்வகுடிகள். நாவலில் அடிக்கிற கணவன் ஜேக்கின் மனவோட்டத்துக்கும் நிறைய இடம் உண்டு. படத்தின் மையத்தில் அவன் மனைவி பெத் நிற்கிறாள். அவள் கண் வழியாகத்தான் நாம் அந்த வீட்டுக்குள் போகிறோம்.

முதல் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மலை, தண்ணீர், பச்சை. அப்படியே கேமரா நகர்கிறது. பார்த்தால் அது நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகை! அதன் கீழே இரைச்சலும் புகையும், தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் பெத்தும். அந்த அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது. போகலாம்தான், எங்கே போவது? அவளுடைய ஊர் பலகையில் ஒட்டிய படமாகிவிட்டது.

இது பெத் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மாவோரிகளில் பத்தில் எட்டுப் பேர் கிராமங்களில், சொந்தபந்தங்களுக்கு நடுவே வாழ்ந்தார்கள். 1980-களில் இது அப்படியே தலைகீழ். பத்தில் எட்டுப் பேர் நகரத்தில். தொழிற்சாலை, இறைச்சிக்கூடம், ரயில்வே என்று உடம்பை நம்பிய வேலைகள் அவர்களுக்குக் கிடைத்தன. 1984-க்குப் பிறகு அரசு பொருளாதாரத்தை மாற்றியமைத்தபோது முதலில் பறிபோனதும் அந்த வேலைகள்தான். 1991-இல் உதவித்தொகையிலும் கை வைத்தார்கள். கடல் உணவை வாங்கிக்கொண்டு சிரித்தபடி வருகிற ஜேக், வேலை போன செய்தியைப் போகிறபோக்கில் சொல்வான், கவனித்தீர்களா? அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அதற்காக ஜேக்குக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வேலை போன எல்லோரும் பெண்டாட்டியை அடிப்பதில்லை. படமும் அவனுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை.

அந்த விருந்துக் காட்சிக்கு வருவோம். ஜேக்கும் பெத்தும் சேர்ந்து பாடுகிறார்கள். என்ன அழகான ஜோடி! ஜேக்காக நடித்த டெமுவேரா மாரிசனையும் பெத்தாக நடித்த ரீனா ஓவனையும் பார்க்கும் யாருக்கும் இவர்கள் காதலித்துத்தான் கட்டிக்கொண்டார்கள் என்பதில் சந்தேகம் வராது. 18 வருடம் அவள் அங்கே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் கூட்டாளிக்குப் பசிக்கிறது, முட்டை பொரித்துக் கொடு என்கிறான். அவள் மறுக்கிறாள். அவ்வளவுதான் விஷயம், ஒரு முட்டை. நான்கு பேர் முன்னால் ‘மாட்டேன்’ என்று அவள் சொன்னதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அடித்துச் சுவரில் மோதுகிறான். விருந்துக்கு வந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? நழுவுகிறார்கள். மாடியில் 13 வயது மகள் கிரேஸ் தம்பி தங்கைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது மறுநாள் காலைதான். இரவு விருந்து நடந்த அறையை ஒரு சிறுமி சுத்தம் செய்கிறாள். அம்மாவின் முகம் அடையாளமே தெரியாமல் வீங்கிக் கிடக்கிறது. அன்றைக்கென்று மகன் பூகிக்குக் கோர்ட்டில் விசாரணை. அந்த முகத்தோடு பெத் எப்படிப் போவாள்? கிரேஸ்தான் பூகியைக் கூட்டிக்கொண்டு போகிறாள். பெற்றவர்கள் வரவில்லை. பையனை அரசுக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடித்தவனுக்கு விசாரணை இல்லை, தண்டனை பிள்ளைக்கு. ஏன் போகவில்லை என்று கேட்கிறோமே, அன்று காலை தெருமுனை வரைகூட அவளால் போக முடியவில்லை.

பூகியைப் பார்க்க வாடகைக் கார் எடுக்கிறார்கள். பாட்டும் சிரிப்புமாகக் குடும்பமே கிளம்புகிறது. வழியில் பெத் தன் ஊர்ப்பக்கம் நிறுத்தச் சொல்கிறாள். அங்கே ஜேக்கின் முகம் மாறுவதைப் பாருங்கள். பெத் உயர்ந்த குடியில் பிறந்தவள். அவனோ அடிமைகளின் வழி வந்தவன். பழைய மாவோரிப் போர்களில் சிறைப்பட்டவர்கள் அடிமைகளானார்கள், அந்த இழிசொல் தலைமுறை தாண்டியும் ஒட்டிக்கொண்டது. ஆக, அவளுக்குத் தாய்வீடாக இருக்கும் ஊர், அவனை ஏளனமாகப் பார்த்த ஊர். அவள் அங்கே திரும்பினால் அவன் தோற்றுப்போவான். பெண் வீட்டார் வேண்டாம் என்று சொன்ன கல்யாணம் இது. ‘நாங்கள் அன்றைக்கே சொன்னோமே’ என்ற பேச்சை அவளும் கேட்க வேண்டும். பிறகு ஜேக் மதுக்கடை வாசலில் காரை நிறுத்துகிறான். பூகி காத்திருந்ததுதான் மிச்சம்.

மாவோரிகளை முரடர்களாகக் காட்டுகிற படம் என்று மாவோரிகளிலேயே சிலர் வருத்தப்பட்டார்கள். நியாயமான வருத்தம். வெள்ளைக்காரர்கள் படத்தில் ஓரமாகத்தான் வந்துபோகிறார்கள், நிலம் பறிபோன கதை இதில் இல்லை. ஆனால் காப்பகத்தில் பூகிக்குத் தையாஹா என்ற போர்க்கழி சொல்லித்தரும் அந்த அதிகாரியும் மாவோரிதானே! பூகியின் அண்ணன் ஒரு ரவுடிக் கும்பலில் சேர்ந்து முகத்தில் பச்சை குத்திக்கொண்டு வருகிறான். தம்பியிடம் உனக்கும் வேண்டுமா என்று கேட்டால், என்னுடையதை உள்ளே அணிந்திருக்கிறேன் என்கிறான். அடிக்கத் தெரியாத பையன் என்று அப்பன் கேலி செய்த பிள்ளை அவன்.

கிரேஸைப் பற்றி அதிகம் பேச எனக்கு மனம் வரவில்லை. ‘மாமா’ என்று கூப்பிட்ட ஆள் செய்ததை அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவனுக்கு முத்தம் கொடுக்க மறுத்ததற்காக அப்பன் அவள் கதை எழுதும் நோட்டைக் கிழிக்கிறான். அம்மா முட்டைக்கு மறுத்தாள், மகள் முத்தத்துக்கு மறுத்தாள். அவளைத் தேடி அலைந்துவிட்டு வீடு திரும்பும் பெத், கொல்லை மரத்தில்தான் அவளைக் கண்டெடுக்கிறாள்.

உடலை மராயேவுக்கு, தன் குலத்தாரின் பொது இடத்துக்கு, கொண்டுபோயே தீருவேன் என்று பெத் நிற்கிறாள். ஜேக் வர மறுத்துக் குடிக்கப் போகிறான். மாவோரி வழக்கப்படி இறந்தவரைத் தனியே விடமாட்டார்கள், அடக்கம் வரை சுற்றி உட்கார்ந்து அழுவார்கள், பாடுவார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே பெத்தின் முகத்தைப் பாருங்கள். அவளிடம் யாரும் எதையும் சொல்லிக்காட்டவில்லை. அழுகிற பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விடுகிறார்கள். போக ஓர் இடம் இருக்கிறது என்று அவள் அன்றைக்குத்தான் கண்டுகொள்கிறாள். அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

கடைசியில் ஜேக் மதுக்கடை வாசலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறான், தூரத்தில் சைரன் கேட்கிறது. பெத் திரும்பிப் பார்க்காமல் பிள்ளைகளோடு கிளம்புகிறாள். கூடவே டூட்டும் போகிறான். பாழடைந்த காரில் குடியிருந்தானே, கிரேஸின் நண்பன், அந்தப் பையன்.