கட்சியில் இல்லாதவர் இடதுசாரியாக இருக்க முடியுமா? – ஒரு நேயரின் கேள்வி

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஜவுளிக்கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். "நான் என்னை இடதுசாரியாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எந்தக் கட்சியிலும் இல்லை. மார்க்ஸின் ஒரு நூலைக்கூடப் புரட்டியதில்லை. வங்கிக் கடனில் வீடு வேறு வாங்கியிருக்கிறோம். 'நீங்கள் என்ன இடதுசாரி, அண்ணி?' என்று கொழுந்தனார் கேட்கிறார். என்னைப் போன்ற சாதாரண மனுஷிக்கு இந்த நம்பிக்கையால் என்ன ஆகப்போகிறது?" இதுதான் கேள்வி.

கொழுந்தனாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீடு வாங்கியதில் ஒரு தவறும் இல்லை. எல்லோருக்கும் வீடு வேண்டும் என்பதுதானே கோரிக்கையே? கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தார். அது அவருடைய பெருமை. ஆனால் நாட்டில் எல்லோரும் குடிசையில் கிடக்க வேண்டும் என்பதற்காக அவர் வாழ்நாள் முழுவதும் போராடவில்லை. நூல் படிப்பது நல்லது, படியுங்கள். படிக்காததால் தகுதி போய்விடாது.

இனி நான் எங்கே போகப்போகிறேன் என்பது பழைய நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரம்பூருக்குத்தான். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை அது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர்கள் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு பேர். பெரம்பூரில் சமயச் சொற்பொழிவுகள் நடத்தும் ஒரு சபையை நடத்தி வந்தவர்கள். அங்கே வந்துபோன ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொன்னார்கள், இவர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள். பிறகு சங்கத்தின் தலைவரான பி.பி. வாடியாவும் தமிழறிஞர் திரு.வி.க.வும் வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் முதலில் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதிய உணவு இடைவேளையை 30 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் ஆக்குங்கள் என்பது. பத்தே பத்து நிமிடம்! பஞ்சுத் தூசி படிந்த கையைக் கழுவ வேண்டும், தூக்குச்சட்டியைத் திறக்க வேண்டும், சோற்றை விழுங்க வேண்டும், சங்கு ஊதுவதற்குள் ஓட வேண்டும். அந்த அவசரத்தை அதுவரை எல்லோரும் தலைவிதி என்று நினைத்திருந்தார்கள். அது விதி இல்லை, ஆலை முதலாளி போட்ட கணக்கு, மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியது பாருங்கள், அந்த நிமிடத்தைத்தான் நான் இடதுசாரி நம்பிக்கை என்கிறேன். தோன்றியதோடு நிற்காமல், தனியாகப் போய்க் கேட்காமல், சேர்ந்து கேட்டார்கள்.

கீழத்தஞ்சைக்குப் போனால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயதான விவசாயத் தொழிலாளி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். செங்கொடிச் சங்கம், அதாவது கம்யூனிஸ்ட்களின் விவசாயச் சங்கம், வந்த பிறகு கூலி எவ்வளவு ஏறியது என்று கேட்டேன். அவர் கூலியைப் பற்றிப் பேசவில்லை. எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகை வளைத்து, திண்ணை ஓரமாக நான்கடி நடந்து காட்டினார். "எங்கள் அப்பா பண்ணையார் தெருவில் இப்படித்தான் போவார்" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சு அவ்வளவுதான். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகச் சாணிக் கரைசலைக் குடிக்க வைத்த சாணிப்பாலும் சவுக்கடியும் நடந்த மண் அது. கன்னட நாட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் அந்த மண்ணில் ஊர் ஊராக நடந்து சங்கம் கட்டினார். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் பண்ணையார்களின் ஆட்கள் தீவைத்ததில், ஒரே குடிசைக்குள் 44 தலித் மக்கள் எரிந்துபோனார்கள். கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டவர்கள், சங்கத்தை விட மறுத்தவர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள். சாதியைப் பேசாமல் வர்க்கத்தை மட்டும் பேசலாம் என்று நினைப்பவர்கள் வெண்மணிக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

இப்போது சகோதரியிடம் வருகிறேன். ஜவுளிக்கடை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறொரு கேள்விதான் முந்திக்கொண்டு வந்தது. உங்கள் கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்கள் உட்கார நாற்காலி இருக்கிறதா? 2021இல் தமிழ்நாட்டில் இதற்காகவே கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன்பே, 2018இல், கேரளம் திருத்தியது. அங்கே கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் வீதிக்கு வந்து கேட்டதால் அது நடந்தது. நம் ஊரில் நான் பார்த்த ஒரு கடையில் முக்காலி இருந்தது. அதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். "உட்காரலாமே அம்மா" என்றேன். அந்தப் பெண் மேலே இருந்த கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டு, "பழகிவிட்டது சார்" என்றார். அவர் கணுக்கால் வீங்கியிருந்தது.

சட்டம் இருக்கிறது. அந்தப் பெட்டிகளை யார் இறக்கி வைப்பது? இதைத்தான் நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள். வருகைப் பதிவேடு உங்கள் மேசைக்கு வருகிறது. யாருக்கு வைப்பு நிதி கட்டுகிறார்கள், யாருக்குக் கட்டவில்லை, பண்டிகை நேரத்துக் கூடுதல் வேலைக்குப் பணம் போகிறதா என்பதெல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரியும். தனியாகப் போய் முதலாளியிடம் நிற்காதீர்கள், வேலை போகும். முதலில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பெரம்பூர்ச் சபையும் காதுகொடுத்துக் கேட்டதில்தான் தொடங்கியது.

சேர்ந்து கேட்டால் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் 2023ஐ நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட வழிசெய்யும் மசோதா ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. 24ஆம் தேதி நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிற்சங்க முன்னோடி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியது 1923இல். சரியாக நூறு ஆண்டு! எட்டு மணி நேரத்தை ஒருமுறை வாங்கினால் போதாது, ஒவ்வொரு தலைமுறையும் காத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மே நாள் உரையில் சொன்னேன் அல்லவா, அதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொன்றையும் எல்லோரிடமும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க ஒரு அம்மா வருகிறார் என்றால் அவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டா? அவர் காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தைப் பிடிக்கிறீர்களா? ஊர்வலத்தில் கொடி பிடிப்பவர் வீட்டிலும் இதற்குச் சரியான பதில் கிடைப்பதில்லை, அது எனக்கு மிகுந்த வருத்தம். வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு இங்கே 2007இலேயே நல வாரியம் அமைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் அம்மா அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால் கூடவே போய்ப் பதிவு செய்து கொடுங்கள். அதில் என்ன சிக்கல் வருகிறது என்று எழுதுங்கள், அதற்காகவே தனியாக ஓர் உரை பேசுகிறேன்.