பழைய சவரக்கத்தியும் அதன் ஆணியும்

வணக்கம் நேயர்களே.

மடக்கி வைக்கும் சவரக்கத்தி ஒன்று சில மாதங்களுக்கு முன் என் கைக்கு வந்தது. அலகெல்லாம் செந்துரு. கொம்புக் கைப்பிடியில் பூச்சி அரித்த மூன்று குழிகள். மடக்கினால் அலகு கைப்பிடியின் இரு தகடுகளுக்கு நடுவில் இறங்காமல் ஒரு பக்கத் தகட்டில் உரசியது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: அலகை வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். புதுக் கைப்பிடி, ஆணி, வாஷர் எல்லாம் கிடைக்கும்தான். ஆனால் அப்படிச் செய்தால் மிஞ்சுவது ஒரு பழைய அலகு மட்டுமே. பழைய கத்தி போய்விடும்.

துருவைத் தொடுவதற்கு முன், அலகு கைப்பிடியோடு சேரும் காம்பைப் பாருங்கள். செய்தவரின் முத்திரை அங்கேதான் இருக்கும். என் கத்தியில் ஷெஃபீல்டு என்ற இங்கிலாந்து ஊரின் பெயர், ஒரு கிரீடம், அதன் இருபுறமும் வி, ஆர் என்ற எழுத்துகள். அது விக்டோரியா அரசியின் குறி. அவர் ஆண்டது 1837 முதல் 1901 வரை. இங்கிலாந்து என்ற பெயர் மட்டும் அதில் இல்லை. இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்காவில் 1890இல் மெக்கின்லி சுங்கச் சட்டம் வந்தது. அதன் பிறகு ஏற்றுமதிக் கத்திகளில் நாட்டின் பெயரைப் பதிப்பது வழக்கமாயிற்று. அதனால் என் கத்தி அதற்கு முந்தியதாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இவ்வளவையும் சொல்வது மயிரிழை ஆழமுள்ள சில எழுத்துகள். மெருகுச் சக்கரத்தில் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும், அவை மழுங்கிவிடும்.

அந்தச் சக்கரத்தால் நான் ஒரு கத்தியை இழந்திருக்கிறேன். தொடங்கிய புதிதில், பளபளப்பு வேண்டும் என்ற ஆசையில் மின்சக்கரத்தில் பிடித்தேன். சில விநாடிகளில் அலகின் வாயோரம், அதாவது வெட்டும் விளிம்பில், நீலம் படர்ந்தது. எஃகு நீலமானால் சூடு ஏறக்குறைய 300 டிகிரிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பதம் இறங்கிவிட்டது. எவ்வளவு தீட்டியும் அதில் கூர்மை நிற்கவில்லை. அன்றிலிருந்து கையால் மட்டுமே வேலை செய்கிறேன்.

செந்துருவை எடுக்கத்தான் வேண்டும், விட்டால் அது எஃகைத் தின்றுகொண்டே போகும். எண்ணெயில் சில நாள் ஊறவிட்டு, பிறகு மிக நைசான எஃகுப் பஞ்சால் தேய்க்கிறேன். வாட்டர் பேப்பர் தேவைப்பட்டால் 1000க்குக் குறைந்த எண்ணைத் தொடுவதில்லை; எண் கூடக்கூடத் தாள் நைசாகும். அலகைத் தட்டையான மரக்கட்டையில் படுக்கவைத்துத்தான் தேய்க்கவேண்டும், இல்லையென்றால் விரல் தப்பாது. அடியில் கறுப்பாகத் தங்கும் படலத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். அதனால் எஃகுக்குக் கெடுதல் இல்லை. சிறு குழிகளையும் விடலாம், அவை வாயை எட்டாதவரை. வாயில் விரிசல் இருந்தால் அந்தக் கத்தியை முகத்தில் வைக்கவே கூடாது.

இனி ஆணி. அலகு ஆடினாலே ஆணியை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுப்பதில்லை. அலகைக் கைப்பிடியோடு பிணைக்கும் அந்த ஆணி ஒரு மெல்லிய உலோகக் கம்பி, இருமுனையும் வாஷர் மேல் குமிழாகத் தட்டப்பட்டது. ஆட்டம் இருந்தால் ஒரு முனையைச் சிறு பட்டறைக்கல்லில் தாங்கவைத்து, மறுமுனையைச் சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி, நகத்தால் தட்டுவதுபோல் தட்டினால் போதும். நாலைந்து தட்டு, பிறகு திறந்து மடக்கிப் பார்ப்பது, மறுபடி நாலைந்து தட்டு. அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் கொம்பு பிளந்துவிடும். உட்புறத் துருவுக்கும் கழற்ற வேண்டியதில்லை; எண்ணெய் தோய்த்த துணிநாடாவை இரு தகடுகளுக்கும் நடுவே விட்டு இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

என் கத்தியில் தகடு வளைந்திருந்ததால் கழற்றத்தான் வேண்டியிருந்தது. ஒரு பக்கக் குமிழை மட்டும் அரத்தால் ராவி, ஆணியை மறுபக்கமாகத் தள்ளி எடுத்தேன். வாஷர்கள் பிழைத்தன. கொம்பு மிதமான சூட்டில் இளகும். இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கி ஆறவிட்டதில் நிமிர்ந்தது. பூச்சிக் குழிகளைக் கொம்புத் தூளும் பிசினும் கலந்து அடைத்தேன். வால்பக்கம் தகடுகளுக்கு இடையே இருக்கும் ஆப்பு பழைய கத்திகளில் பலநேரம் ஈயம். அதைத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நஞ்சு.

செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆன கைப்பிடிக்கு மட்டும் என் பேச்சு மாறும். அது சிதையத் தொடங்கினால் அதிலிருந்து வரும் அமில ஆவி அலகை அரிக்கும், பக்கத்தில் உள்ள கத்திகளையும் விடாது. அப்போது பிரித்துத்தான் ஆகவேண்டும். அது எளிதில் தீப்பற்றும் பொருள், சூடு காட்டவே கூடாது.

தீட்டும்போது அலகின் தடித்த முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படியும். கோணத்தைத் தீர்மானிப்பது முதுகுதான், அது தேய்ந்தால் கோணமும் மாறிவிடும். அதனால் முதுகில் ஓர் அடுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்கிறேன். அலகின் வாயில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் மட்டும் 1000 எண் தீட்டுக்கல். இல்லையென்றால் 4000, 8000, 12000, அப்புறம் கூர்மையைச் சீராக்கும் தோல்வார், அதில் முதுகு முன்னால் போகவேண்டும்.

என் கத்தி இப்போது நடுவில் இறங்குகிறது. ராவிய ஆணி திரும்பப் போடும் நிலையில் இல்லை, அது ஒன்றைத்தான் புதிதாகப் போட்டேன். பழையதை ஒரு சிறு உறையில் இட்டு, என்ன செய்தேன் என்றும் எந்தத் தேதியில் என்றும் எழுதி, கத்தியோடே வைத்திருக்கிறேன்.

வணக்கம்.