பிரியும் முன் ஒரு பந்தி

டர்பன் தமிழ்ப் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம்.

நவம்பர் 16 வந்தால் நாம் ட்ரூரோ கப்பலைப் பற்றிப் பேசுகிறோம். 1860 அக்டோபர் 12-இல் சென்னையில் கிளம்பி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு, 342 பேரோடு நவம்பர் 16-இல் இந்தத் துறைமுகத்துக்கு வந்த கப்பல். சொந்த ஊரை விட்டுப் பிரிந்து வந்தார்களே என்று உருகுகிறோம். உருக வேண்டியதுதான். ஆனால் இங்கே இறங்கியதும் அவர்களுக்கு இன்னொரு பிரிவு காத்திருந்தது. கூட வந்தவர்களை விட்டுப் பிரிவது. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

ஐந்து வாரம் கடலில். ஊரில் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள், கப்பலில் ஒரே கொப்பரைச் சோற்றைத் தின்றார்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் மூவரும் அதில் உண்டு. சோறு, பருப்பு, கருவாடு, கொஞ்சம் புளி, மிளகாய். கடல் கொந்தளித்து அடுப்பு மூட்ட முடியாத நாளில் உலர்ந்த தீனிதான். வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடந்தவருக்குக் கஞ்சி ஊட்டிவிட அம்மா ஏது, அக்கா ஏது? பக்கத்தில் படுத்திருந்தவர்தான் ஊட்டியிருப்பார். அண்ணன், மாமா, அத்தை என்று முறை வைத்துக் கூப்பிட ஐந்து வாரம் தாராளம்.

அப்புறம் கரை. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கரும்புத் தோட்டக்காரர்கள் ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். சிலர் வடக்குக் கரையோரம், சிலர் தெற்கு. கூலி மாதம் 10 ஷில்லிங். தோட்டத்தை விட்டு வெளியே போக முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் தண்டனை. அடுத்த தோட்டத்து அண்ணனைப் பார்ப்பது அவ்வளவு லேசா? கரையிறங்கியதும் தங்கவைத்த முகாமில் சேர்ந்து தின்ற சோறு பலருக்கு உண்மையிலேயே கடைசிச் சோறு.

பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி எல்லாம் இருக்கிறது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. என்னைக் கேட்டால், நேட்டால் தமிழ்ச் சமூகம் பிறந்ததே அந்தப் பந்தியில்தான்.

1913-இல் இன்னொரு பந்தி. ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கிய இந்தியர் மேல் போட்ட 3 பவுன் தலைவரியை எதிர்த்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு நடந்து நேட்டால் எல்லையோரச் சார்லஸ்டவுன் வந்தார்கள். அங்கே சமையலுக்குத் தலைமை காந்தி. ஒரு நாள் பருப்பில் தண்ணீர் அதிகம், ஒரு நாள் பருப்பே வேகவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அதையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்களாம். நவம்பர் 6-இல் இரண்டாயிரம் பேருக்கு மேல் எல்லை தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் போனார்கள். ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. நவம்பர் 10-இல் பால்ஃபரில் சிறப்பு ரயில்கள் தயாராக நின்றன, இவர்களைத் திரும்ப நேட்டாலுக்கு அனுப்ப. காந்தி ஏற்கெனவே கைதாகிவிட்டார். அவரைக் கூப்பிடுங்கள், அப்போதுதான் ஏறுவோம் என்று சனங்கள் முரண்டு பிடித்தார்கள். ரொட்டியும் சர்க்கரையும் சேர்ந்து தின்ற கூட்டத்தை அவ்வளவு சுலபமாகக் கலைக்க முடியவில்லை.

இன்று தமிழ்நாட்டுக் கோயில்களுக்குக் கூட்டமாகப் போய் வருகிறோம். விமான நிலையத்தில் பெட்டி வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறோம். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

சரி, ஒரு வேண்டுகோள். அடுத்த நவம்பர் 16-இல் கூட்டம் முடிந்ததும் கார் சாவியைத் தேடாதீர்கள். இதே மண்டபத்தில் இலை போடுவோம். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. கருவாடு வேண்டாதவர்களுக்குச் சுகர் பீன்ஸ் பயறுக் கறி. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் பாட்டன் எந்தக் கரும்புத் தோட்டம், டோங்காட்டா, மவுண்ட் எட்ஜ்கூமா, உம்சிண்டோவா, எந்தக் கப்பலில் வந்தார் என்று கேளுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.

கருவாடு என் பொறுப்பு. அரிசிக்கும் பருப்புக்கும் யார் என்பதை இன்றைக்கே இங்கேயே பேசி முடித்துவிடுவோம்.