அப்பாகிட்ட மிச்சம் இருந்த ஒரே வார்த்தை

வணக்கம் மக்களே, ரெண்டு மாசமா ஆளையே காணோம்னு கேட்டுட்டு இருந்தீங்க, இந்த வீடியோல எடிட்டிங்லாம் எதுவும் பண்ணல, அப்படியே போடப் போறேன், ஃபேன் சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

நேத்து ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தாரு. வேலை போயிடுச்சாம், அதே மாசம் அம்மாவும் தவறிட்டாங்களாம். "அண்ணா, கஷ்டம் வந்தாதான் நாம எதுக்குப் பொறந்தோம்னு புரியும்னு சொல்றாங்க, எனக்கு ஒண்ணுமே புரியலயே, எங்கிட்டதான் ஏதாவது குறையா"ன்னு கேட்டிருந்தாரு. படிச்சதும் சுருக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா அந்த டயலாக்க நானே பழைய வீடியோல ரெண்டு மூணு தடவ அடிச்சு விட்டிருக்கேன்.

மூணு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு ஸ்ட்ரோக். மூளையில இடது பக்கம், நெறைய பேருக்குப் பேச்ச பாத்துக்கறதே அந்தப் பக்கம்தான். உயிர் தப்பிச்சாரு, பேச்சு போச்சு, அஃபேசியான்னு சொல்வாங்க. வாயத் தொறந்தா நிறுத்தத் தெரியாத மனுஷனுக்கு மிச்சம் இருந்தது ஒரே வார்த்தை, "சாவி". தண்ணி வேணும்னாலும் சாவி, ஃபேன் போடணும்னாலும் சாவி, கோவம் வந்தாலும் சாவிதான். மொத வாரம் நான் வீட்ல இருந்த அத்தன சாவியையும் கொத்தா அள்ளிட்டுப் போய் நீட்டறேன், அவரு ஒவ்வொண்ணா தள்ளிவிட்டுட்டு என் மூஞ்சியவே பாத்து அழறாரு. என்ன வேணும்னு அவருக்குத் தெரியும், எதக் கேக்கப் போனாலும் அந்த ஒரே வார்த்தைதான் வந்து ஏமாத்துது.

அப்போ நோக்கமாவது ஒண்ணாவது, நாலு மணி நேரம் தூங்கினா போதும்னு இருந்துச்சு. பாக்க வந்தவங்க "எல்லாம் நன்மைக்கே"ன்னு சொல்றப்ப பல்லக் கடிச்சுக்கிட்டு தலையாட்டினேன்.

இதப் பத்தி ரிசர்ச் இருக்கு. அமெரிக்கால டெடெஸ்கி, கால்ஹவுன்னு ரெண்டு சைக்காலஜி புரொஃபசர்ஸ், பேரிழப்புக்கு அப்புறம் மனுஷங்க எப்படி மாறறாங்கன்னு பாக்க 1996-ல 21 கேள்வி வச்சு ஒரு அளவுகோல் போட்டாங்க. அவங்க சொல்றதுல எனக்குப் புடிச்சது, வளர்ச்சி வர்றது பட்ட அடியால இல்ல, அதுக்கப்புறம் நாம அதோட மல்லுக்கட்டறதுலதான், வலியும் கூடவேதான் இருக்குமாம். இத சந்தேகப்படறவங்களும் இருக்காங்க, நான் மாறிட்டேன்னு ஒருத்தர் சொல்றதும் நெஜமாவே மாறினதும் ஒண்ணான்னு கேக்கறாங்க. கேமரா முன்னாடி உக்காந்து பொழப்பு நடத்தறவனுக்கு இது ரொம்ப நியாயமான கேள்வி!

அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். சின்ன வயசுல சொந்தக்காரப் பொண்ணுங்க மூணு பேர் பிரசவத்துல செத்துப் போனாங்க, அதனால பிரசவ டாக்டராகணும்னு நெனச்சவரு. முப்பது வயசு வாக்குல முடக்குவாதம் வந்து விரலெல்லாம் கோணிப்போச்சு, அந்த ஆசை அதோட முடிஞ்சுது. அப்புறம் கண் டாக்டருக்குப் படிச்சு, அதே கோணின விரலால கத்தியப் புடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல ஆபரேஷன் பண்ணாரு. ரிட்டயர் ஆகி 58 வயசுல, 1976-ல, 11 படுக்கையோட ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சாரு. எல்லாரும் கோணின விரலையும் சொல்வாங்க, பெரிய ஆஸ்பத்திரியையும் சொல்வாங்க. நடுவுல இருக்கற முப்பது வருஷத்த எவனும் ரீல்ஸ்ல போட மாட்டான். காலையில எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டு வந்த வருஷங்க அதெல்லாம்.

எங்க வீட்ல நடந்தது ரொம்ப சின்ன விஷயம். ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு நாள் பழைய பாட்டு ஒண்ண மெதுவா எடுத்துக் குடுத்தாங்க, சாவின்னு மட்டும் சொல்லிட்டு இருந்த மனுஷன் ரெண்டு வரி சொல்லு மாறாம கூடப் பாடிட்டாரு! பேச்சு போனாலும் சில பேருக்குப் பாட்டும் ஒண்ணு ரெண்டு மூணு எண்றதும் தப்பிச்சுக்குமாம். அன்னிக்கு ராத்திரி ஒரு நோட்டு எடுத்து பக்கத்துக்கு ஒரு படம் வரைஞ்சேன், டம்ளர், ஃபேன், பாத்ரூம், வலி. அஞ்சாவது பக்கம் "என்னய சும்மா விடு", ஒரு ஆள் திரும்பிப் படுத்திருக்கற மாதிரி. அவரு அதிகமா விரல் வச்சது அந்தப் பக்கத்துலதான், நோட்டு அங்க மட்டும் அழுக்கா இருக்கும்.

தெரபிக்கு வெளிய பெஞ்ச்ல இருந்த ஒரு அக்கா "இத ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா தம்பி"ன்னு கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ஃபேன் வேணாம், ரேடியோதான் வேணும்னாங்க, சரின்னு ரேடியோ வரைஞ்சு குடுத்தேன். அங்க புடிச்சு இன்னிக்கு வரைக்கும் சனிக்கிழமையானா யாருக்காவது ஒரு நோட்டு. இதுக்காகத்தான் உங்கப்பாவுக்கு அப்படி ஆச்சுன்னு யாராவது சொன்னா இப்பவும் சண்டைக்குப் போவேன், அவரு பேச்ச திருப்பிக் குடுங்க, நோட்டு எல்லாத்தையும் இப்பவே கிழிச்சுப் போட்டுர்றேன்.

தம்பி, உங்க மேல குறை எதுவும் இல்ல. அம்மா போய் இன்னும் ஒரு மாசம்கூட ஆகல, இப்போ சாப்பிடறீங்களா தூங்கறீங்களான்னு மட்டும் எனக்கு ரிப்ளை போடுங்க, மத்தத அப்புறம்... ஒரு நிமிஷம்.

கேட்டுச்சா? சாவியாம். இந்த நேரத்துக்கு டீயா இருக்கும், இல்லன்னா கதவச் சாத்தச் சொல்றாரு. போய்ப் பாத்துட்டு வரேன், கேமராவ ஆஃப் பண்ணிக்கறேன்.