ராத்திரி வேர்வை: கடற்கரை வீட்டுல எப்படித் தூங்குறது?

வணக்கம் அக்கா, மதினி எல்லாருக்கும். மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் 45 வயசைத் தாண்டின நிறைய பேர் சொல்ற விஷயம் இது. நடுராத்திரி நெஞ்சுல சூடு கிளம்பி முகம் வரைக்கும் ஏறும், துணியெல்லாம் நனையும், அஞ்சு நிமிஷத்துல குளிரெடுக்கும்.

மாதவிடாய் நிக்கிற காலத்துல ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறையும். அப்போ மூளையில உடம்புச் சூட்டைக் கவனிக்கிற ஹைப்போதலாமஸ், துளி சூடு ஏறினாலே தாங்காம வேர்வையைத் திறந்து விட்டுடும்.

வேர்வை காய்ஞ்சாத்தான் உடம்பு குளிரும். நம்ம கடக்காத்துல ஈரம் ஜாஸ்தி, சீக்கிரம் காயாது. அதனால ஜன்னல்ல ஈரத்துணி கட்டுறது, ஏர்கூலர் போடுறது இங்க புழுக்கத்தைத்தான் கூட்டும். காத்து ஓடணும். மொட்டைமாடிக்குக் கீழ இருக்கிற அறையில சீலிங் ஃபேன், வெயில்ல காய்ஞ்ச மேல்தளத்துச் சூட்டையே கீழ தள்ளும். டேபிள் ஃபேனைக் கால்மாட்டுல வச்சு, உடம்பு நீளத்துக்கு அடிக்கிற மாதிரித் திருப்புங்க. கொசுவலை நெருக்கமான கண்ணா இருந்தா காத்து உள்ள வராது, ஃபேனை வலைக்குக் கிட்ட கொண்டு வாங்க. ஃபோம் மெத்தை சூட்டைப் பிடிச்சு வைக்கும். அதுக்குப் பதிலா கயித்துக் கட்டில்ல ஓலைப்பாய். நைலான் நைட்டி வேண்டவே வேண்டாம். காய்ஞ்ச பருத்தித் துணி ஒண்ணு தலைமாட்டுல இருக்கட்டும், ட்யூப்லைட் போடாம மாத்திக்கலாம்.

மதியம் 2 மணிக்கு மேல டீ, காபி வேண்டாம். முழிச்சு 20 நிமிஷமாகியும் தூக்கம் வரலைன்னா எழுந்து உக்காருங்க, போனைத் தொடாதீங்க. விடியக்காலையில கடல்பாசி எடுக்கப் போறவங்க பகல்ல அரை மணி நேரம் படுக்கலாம், சாயங்காலம் வரைக்கும் இழுத்தா ராத்திரி தூக்கம் போயிடும்.

ரொம்ப முடியலைன்னா ஹார்மோன் மாத்திரை நல்லாவே கேக்கும். ஆனா மார்புப் புற்றுநோய் வந்தவங்களுக்கும், ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு கட்டினவங்களுக்கும் அது ஆகாது. கர்ப்பப்பை இருக்கிறவங்க ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியா சாப்பிட்டா கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சுடும், புரோஜெஸ்டிரோன்ங்கிற இன்னொரு ஹார்மோனும் சேரணும். பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடாதீங்க.

எல்லா வேர்வையும் மாதவிடாய் நிக்கிறதால வர்றது இல்ல, இதை நல்லாக் கேளுங்க. ரெண்டு வாரம் தாண்டின இருமல், எடை குறையறது, சாயங்காலக் காய்ச்சல் கூட இருந்தா காசநோயா இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில சளிப் பரிசோதனை இலவசம். சுகருக்கு இன்சுலின் போடுறவங்க, வேர்க்கும்போதே சுகர் பாருங்க, குறைஞ்சிருக்கலாம். மாதவிடாய் நின்னு 12 மாசம் கழிச்சு ஒரு துளி ரத்தம் பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்க.