இரண்டாவது வாக்குச்சீட்டு

(கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

2007 ஒக்ரோபர் 10ஆம் திகதி வாக்களிக்கப் போன ஒன்ராறியோக்காரர் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் கொடுத்தார்கள். ஒன்றில் வேட்பாளர் பெயர்கள். மற்றதில் ஒரு கேள்வி. மாகாண சட்டமன்ற உறுப்பினர்களைத் தெரிவுசெய்ய இப்போதுள்ள முறையே, அதாவது தொகுதியில் கூடிய வாக்கு எடுத்தவர் வெல்லும் முறையே போதுமா, குலுக்கலில் தெரிவான சாதாரண சனத்தின் குடிமக்கள் பேரவை முன்மொழிந்த, தொகுதியும் கட்சிப் பட்டியலும் கலந்த கலப்பு விகிதாசார முறை வேண்டுமா? இந்த மாகாணத்தில் அதற்கு முன் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது 1924இல், மதுவிலக்குத் தொடர்பாக. எண்பத்து மூன்று வருடம் கழித்துச் சனத்திடம் ஒரு கேள்வி கேட்டார்கள். சனம் வேண்டாம் என்றது. பழைய முறைக்கு 63.1 சதவீதம், புதியதற்கு 36.9. நூற்றியேழு தொகுதிகளில் ஐந்தில் மட்டும் புதிய முறை முந்தியது. ஐந்தும் ரொறன்ரோவுக்குள்தான், ஆனால் ஸ்காபரோவில் ஒன்றுகூட இல்லை.

அதே இரவு முதலாவது சீட்டின் முடிவும் வந்தது. டால்டன் மக்கிண்டியின் லிபரல் கட்சிக்கு 42.2 சதவீத வாக்கு, 71 ஆசனம். என்.டி.பி. எனும் புதிய ஜனநாயகக் கட்சிக்குப் பதினேழு சதவீதத்துக்குக் கிட்ட, பத்து ஆசனம். பசுமைக் கட்சிக்கு மாகாணம் முழுக்க எட்டு சதவீதம் விழுந்தது. ஆசனம் ஒன்றுகூட இல்லை. பழைய முறையின் குறை இவ்வளவு பட்டவர்த்தனமாகத் தெரிந்த அன்றுதான் அந்த முறை அமோகமாக வென்றது.

அடுத்த நாளிலிருந்து கேட்ட பேச்சு உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். சீர்திருத்தக்காரர் 'சனத்துக்கு விளங்கவில்லை' என்றார்கள். சனத்தில் ஒரு பகுதி 'சீட்டைக் கையில் தந்த பிறகுதான் இப்படியொன்று இருப்பதே தெரியும்' என்றது. இன்னொரு பகுதி 'எல்லாம் விளங்கித்தான் வேண்டாம் என்றோம்' என்றது. நான் அன்று கலப்பு முறைக்குப் புள்ளடி போட்டவன். இருந்தாலும் மூன்றாவதாகச் சொன்னவர்களின் பேச்சைத்தான் நாம் சரியாகக் கேட்கவில்லை என்பது என் எண்ணம். இன்றைக்கு நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

தெரியாமல் போனவர்கள் கதையை முதலில் முடித்துவிடுவோம். அந்தத் தேர்தல் முழுக்க ஒரே பேச்சு, சமயப் பாடசாலைகளுக்கு அரச பணம் கொடுப்பதா இல்லையா என்பது. கன்சவேட்டிவ் தலைவர் ஜோன் டோரி கொடுக்க வேண்டும் என்றார்; அதில் மாட்டிக்கொண்டு தான் போட்டியிட்ட தொகுதியிலேயே லிபரல் கட்சியின் கத்லீன் வின்னிடம் தோற்றார். அந்தச் சத்தத்துக்குள் வாக்களிப்பு முறை பற்றி யார் கேட்பார்? பேரவையை அமைத்த அரசாங்கமே பேரவையின் முடிவைப் பற்றி வாய் திறக்கவில்லை. தேர்தல் அலுவலகத்தின் விளம்பரம் 'இப்படியொரு வாக்கெடுப்பு இருக்கிறது' என்றது. ஏன் இருக்கிறது என்று சொல்லவில்லை.

இத்தனைக்கும் அந்தப் பேரவை அருமையான காரியம். வாக்காளர் இடாப்பிலிருந்து, தொகுதிக்கு ஒருவராக 103 பேரைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். பெண்கள் 52, ஆண்கள் 51. (உடனே குடவோலை என்று பெருமைப்பட வேண்டாம். உத்திரமேரூரில் பெயர் எழுதப்படுவதற்கே காணி வேண்டும். இங்கே அப்படியொன்றும் கேட்கவில்லை.) மாதக்கணக்காக வார இறுதிகளில் கூடி, நாடு நாடாகத் தேர்தல் முறைகளைப் படித்து, 94க்கு 8 என்ற கணக்கில் கலப்பு முறையைப் பரிந்துரைத்தார்கள். அதாவது, உட்கார்ந்து படித்த சாதாரண சனத்தில் பத்துக்கு ஒன்பது பேர் 'ஆம்' என்றார்கள். பேரவைக்கு வெளியே இருந்து வாக்களித்த சாதாரண சனத்தில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் 'இல்லை' என்றார்கள். இரண்டு தரப்பும் ஒரே இடாப்பிலிருந்து வந்தவர்கள்தான்.

சரி, விளங்கி வேண்டாம் என்றவர்களிடம் வருவோம். பேரவையின் திட்டம் இது. மொத்தம் 129 ஆசனம். அதில் 90 தொகுதிகளுக்கு. மீதி 39 கட்சிகள் கொடுக்கும் பட்டியலிலிருந்து, வாக்கு விகிதம் சரிவரும்படி நிரப்பப்படும். 107 தொகுதி 90 ஆகும்போது ஒவ்வொரு தொகுதியும் பெருக்கும். உங்கள் உறுப்பினர் இன்னும் கொஞ்சம் தூரத்துக்குப் போய்விடுவார். ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டை வராமல் இழுபடும்போதும், பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக விழும்போதும் நம் ஆட்கள் போய் நிற்பது அந்தத் தொகுதி அலுவலக வாசலில்தான். (விசா விவகாரம் மத்திய அரசுக்குரியது என்று எத்தனை தரம் சொன்னாலும் அதற்கும் அங்கேதான் போவோம், அது வேறு கதை.) வாக்காளருக்கு அரசியலிலிருந்து நேரே கைக்குக் கிடைப்பது அந்த ஒரு வாசல். அதைப் பெருந்தொகுதிக்குள் கரைத்து, பதிலாகத் தராசு நேராகும் என்கிறீர்கள். அவர் தயங்கியதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது பட்டியல். 'கட்சித் தலைமை நியமிக்கும் ஆட்கள்' என்பதுதான் எதிர்ப்பாளரின் கூர்மையான ஆயுதம். பட்டியலை எப்படித் தயாரித்தோம் என்பதைக் கட்சிகள் தேர்தலுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்று பேரவை நிபந்தனை போட்டிருந்தது. அது யார் காதிலும் ஏறவில்லை. மற்றச் சமூகங்களுக்குக் கற்பனையில் இருந்த பயம் இலங்கைத் தமிழரான நமக்கு அனுபவத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இலங்கையின் தேசியப் பட்டியல் 29 ஆசனம். தொகுதியில் தோற்றவர் அதன் வழியே பாராளுமன்றத்துக்குள் நுழைந்ததைக் கண்டு பல்லைக் கடித்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர். சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வமும் அந்தப் பட்டியலால்தான் வந்தார், வெளிநாட்டமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமரும் அந்தப் பட்டியலால்தான் வந்தார். இருவரைப் பற்றியும் இங்கே ஒருமித்த கருத்து இருக்காது. சண்டைக்கு நான் வரவில்லை. பட்டியல் கல்விமானையும் கொண்டுவரும், தோற்றவரையும் கொண்டுவரும். யார் என்பதைக் கட்சிதான் தீர்மானிக்கும், அவ்வளவுதான்.

கட்சிப் பட்டியலுக்குள் விரும்பிய வேட்பாளருக்குப் போடும் விருப்பு வாக்கையும் இலங்கையில் பார்த்தவர்கள் நாம். விகிதாசாரம் முதன்முதலாக 1989 பொதுத் தேர்தலில் வந்தது. ஒரே கட்சி வேட்பாளர்கள் ஒருவர் சுவரொட்டிக்கு மேல் ஒருவர் ஒட்டியதைக் கண்டோம். பிறகு 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அறுபதுக்கு நாற்பது என்று வட்டாரமும் பட்டியலும் கலந்த முறை வந்து, நாடு முழுக்க நாலாயிரத்துச் சொச்சமாக இருந்த உறுப்பினர் தொகை எட்டாயிரத்தைத் தாண்டியது. ஒன்ராறியோவில் 107ஐ 129 ஆக்கவே 'அரசியல்வாதிகள் கூடிவிடுவார்கள்' என்று அலறியவர்கள் அந்தக் கணக்கைக் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

அப்படியென்றால் பழைய முறை நமக்கு நல்லதா? இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இலங்கையில் இதே தொகுதி முறையில் நடந்த 1977 தேர்தலை எடுங்கள். ஐக்கிய தேசியக் கட்சி பாதியை மயிரிழையில் தாண்டிய வாக்கோடு 168இல் 140 ஆசனத்தை அள்ளியது. சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்கு முப்பது சதவீதத்துக்குக் கிட்ட வாக்கு; ஆசனம் எட்டு. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு நாடளாவிய ரீதியில் ஏழு சதவீதத்துக்கும் குறைவு, ஆசனம் பதினெட்டு. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அதே பாராளுமன்றம் 1982 டிசெம்பரில் 'விளக்கா, குடமா' என்று, விளக்கு என்றால் நீடிப்புக்கு ஆம், குடம் என்றால் இல்லை என்று, ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்துத் தன் ஆயுளை இன்னும் ஆறு வருடம் நீட்டிக்கொண்டது. யாழ்ப்பாணம் குடத்துக்குக் குத்தியும் பலனில்லை. நாட்டில் 54 சதவீதம் சொச்சம் விளக்குக்கு விழுந்தது, அது போதுமாக இருந்தது.

ஆக, ஓரிடத்தில் நெருக்கமாக வாழும் சிறுபான்மைக்குத் தொகுதி முறை கை கொடுக்கும். பரந்து கிடப்பவரை அது விழுங்கிவிடும். 2011இல் ராதிகா சிற்சபைஈசன் ஸ்காபரோ ரூஜ் ரிவரில் வென்று கனடியப் பாராளுமன்றம் போனதும், 2018இல் விஜய் தணிகாசலமும் லோகன் கணபதியும் ஒன்ராறியோ சட்டமன்றமான குயின்ஸ் பார்க் போனதும் நாம் இந்த மூலையில் கூட்டமாகக் குடியிருப்பதால்தான். ஒன்ராறியோவில் சிதறி வாழும் பசுமைக் கட்சிக்காரருக்கு அந்த வசதி இல்லை. நாளைக்கு நம் பிள்ளைகள் ஏஜக்ஸ், மில்ற்றன், பிராம்ப்ரன் என்று பரவிப் போகும்போது நமக்கும் இருக்காது. வேண்டாம் என்று புள்ளடி போட்ட நம்மவர் தன் காலத்துக்குச் சரியாகத்தான் கணக்குப் பார்த்தார். ஆனால் அது அவர் காலத்துக்கான கணக்கு மட்டும்தான்.

என் கோபம் வாக்காளர் மேல் இல்லை, கம்பத்தின் உயரத்தின் மேல். சீர்திருத்தம் வெல்ல மாகாணத்தில் 60 சதவீதம் வேண்டும், அதோடு 107இல் 64 தொகுதிகளில் பெரும்பான்மையும் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஒன்ராறியோவில் பாதி வாக்கையாவது பெற்று ஆட்சிக்கு வந்த கடைசி அரசாங்கம் 1937இல். 36.9 சதவீதத்துக்கு அந்த விதி தேவையே படவில்லை என்பது உண்மை. ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவைப் பாருங்கள். அங்கே 2001இல் லிபரல் கட்சி 57.6 சதவீத வாக்கோடு 79 ஆசனங்களில் 77ஐப் பிடித்தது. 2005 மே 17இல், பொதுத் தேர்தலோடு சேர்த்து, மாற்றத்தகு தனிவாக்கு முறை, அதாவது பல உறுப்பினர் கொண்ட பெருந்தொகுதியில் வேட்பாளர்களை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறை வேண்டுமா என்று கேட்டார்கள். 57.7 சதவீதம் ஆம் என்றது. 79 தொகுதிகளில் 77இல் ஆம் முந்தியது. கட்சிக்கு அந்த எண்கள் எதிரியே இல்லாத ஆட்சியைக் கொடுத்தன. சீர்திருத்தத்துக்கு அதே எண்கள் தோல்வியைக் கொடுத்தன, ஏனென்றால் அங்கேயும் கம்பம் 60.

2009இல் அங்கே மறுபடி கேட்டபோது ஆதரவு 39 சதவீதத்துக்கு விழுந்தது. 1996இல் குறைந்த வாக்கு வாங்கிய கட்சி ஆட்சி பிடித்த கசப்பு 2005 வரை சூடாக இருந்தது. நாலு வருடத்தில் அது ஆறிவிட்டது. இந்த முறை 85 உறுப்பினரையும் இருபது பெருந்தொகுதிக்குள் அடக்கிய வரைபடமும் சனத்தின் கண்ணுக்கு முன் இருந்தது. ஒன்ராறியோக்காரரைப் போலவே அவர்களும் 'என் உறுப்பினர் எங்கே?' என்றார்கள். சீர்திருத்தக்காரர் சதவீதத்தைப் பற்றிப் பேசினார்கள், வாக்காளர் வாசலைப் பற்றிக் கேட்டார். இரண்டு மாகாணத்திலும் நான் கண்ட தோல்வி இதுதான்.

2007க்குப் பிறகு ஒன்ராறியோ சனத்திடம் அந்தக் கேள்வி திரும்பக் கேட்கப்படவில்லை. நகரங்களுக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு திறந்தார்கள்: விரும்பினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையை மாநகரசபைத் தேர்தலில் வைத்துக்கொள்ளலாம். லண்டன் நகரம், நம் ஒன்ராறியோ லண்டன்தான், 2018இல் அப்படியே நடத்தியது. அண்மைக் காலத்தில் கனடாவில் அப்படிச் செய்த முதல் நகரம். கிங்ஸ்ரனிலும் கேம்பிரிட்ஜிலும் அதே வருடம் வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். 2020இல், கொரோனா மீட்புக்கென்று வந்த ஒரு சட்டத்துக்குள் ஒரு பகுதியைச் சேர்த்து, மாகாண அரசு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. 40.5 சதவீத வாக்கோடு 124இல் 76 ஆசனம் பெற்ற அரசு அது. இந்த முறை சர்வசன வாக்கெடுப்பும் இல்லை, அறுபது சதவீதமும் இல்லை. லண்டன்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.