நெரிசலில் தினமும் 38 கிலோமீட்டர்: 125 சிசியா, 160 சிசியா?

வணக்கம். இன்று வேலைக்குப் போக பைக் வாங்குவது பற்றி ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதைப் பலரும் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் ஒரு நேயர் முழு விவரத்தோடு எழுதியிருக்கிறார். அதை அப்படியே படிக்கிறேன்: "வீட்டிலிருந்து வேலைக்கு 19 கிலோமீட்டர். அதில் 12 கிலோமீட்டர் கடும் நெரிசல், மீதி 7 கிலோமீட்டர் திறந்த சாலை. பாதி வழிவரை என் மனைவியும் பின்னால் வருவார். என் உயரம் 163 சென்டிமீட்டர். 125 சிசி வாங்குவதா, 160 சிசி வாங்குவதா என்று மூன்று மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். மைலேஜ் எவ்வளவு குறையும்? ஏபிஎஸ் அவசியமா?"

தூரம், நெரிசல், உயரம், பின்னால் வருபவர் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள், நன்றி. வெறுமனே "எது நல்ல வண்டி?" என்று கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொன்னாலும் தவறாகத்தான் இருந்திருக்கும்.

உங்கள் வழியில் வண்டி மிக மெதுவாக நகரும் இடம் எது? அந்த இடத்துக்குப் பொருந்தும் வண்டியை வாங்குங்கள். நாம் வண்டி பார்க்கப் போகும்போது மனதில் ஓடுவது காலியான சாலை. ஆனால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அந்த 12 கிலோமீட்டரில்தான் கழியப்போகிறது. 7 கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள், அந்த 12-க்கு முக்கால் மணி நேரம் ஆகலாம்.

அந்த முக்கால் மணி நேரத்தில் என்ஜினிடமிருந்து உங்களுக்கு வேண்டியது என்ன? 160 சிசி வண்டிகள் பெரும்பாலும் 15, 16 குதிரைத்திறன் தருகின்றன, 125 சிசி 10, 11 தருகிறது. காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் அந்த 16 குதிரைத்திறன் என்ஜின் எட்டாயிரம் ஆர்பிஎம்முக்கு, அதாவது நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு, மேல் சுற்றும்போதுதான் கிடைக்கும். நெரிசலில் இரண்டாவது கியரில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது என்ஜின் மூவாயிரம் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். அங்கே நீங்கள் உணர்வது இழுவை, அதாவது டார்க். கீழ் வேகத்திலேயே நன்றாக இழுக்கும்படி அமைத்த 125, திணறாமல் நகரும். மேல் வேகத்துக்காக அமைத்த 160 அதே இடத்தில் முனகும், உடனே நீங்கள் முதல் கியருக்கு இறங்கிக் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு ஓட்டுவீர்கள். எல்லா 160-உம் அப்படி என்று சொல்லவில்லை. விவரத்தாளில் டார்க் எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை ஆர்பிஎம்மில் என்று போட்டிருப்பார்கள் அல்லவா, அதையும் சேர்த்துப் படியுங்கள். 5,500 என்று இருப்பதற்கும் 7,000 என்று இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் சிக்னலில் தெரியும்.

கிளட்ச் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை நகர்த்த மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் கொஞ்சம் பெரிய வண்டி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். அழகான வண்டி, நெடுஞ்சாலையில் ஏறினால் இறங்க மனமே வராது. ஆனால் கிளட்ச் கெட்டி. தினமும் நெரிசலில் ஓட்டி ஐந்தாறு மாதம் ஆனபோது, ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முயல்கிறேன், இடது கட்டைவிரல் மடங்க மறுக்கிறது. விரலின் அடியில் தொட்டால் வலி. முதலில் எதனால் என்றே புரியவில்லை. அன்று போகும்போது கவனித்தேன்: ஒரு சிக்னலைத் தாண்டுவதற்குள் பதினான்கு முறை கிளட்சைப் பிடித்து விட்டேன். அது ஒரே ஒரு சிக்னல். அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன், ஷோரூமில் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு முறை பிடித்துப் பார்த்து "லேசாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். ஐம்பது முறை பிடித்து விடுங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். உடனே இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கும் இணங்கினால் உங்கள் கைக்கு அது ஒத்துவரும்.

அடுத்தது எடை. 125 சிசி வண்டிகள் சுமாராக 115 முதல் 125 கிலோ, 160 சிசி வண்டிகள் 140 முதல் 150 கிலோ. ஓடும்போது இந்த இருபத்தைந்து கிலோ தெரியாது, நின்றால்தான் தெரியும். குறிப்பாக உங்கள் மனைவி ஏறும் அந்த இரண்டு நொடிகளைச் சொல்கிறேன். அவர் ஒரு காலை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி எழும்பும்போது அவருடைய முழு எடையும் வண்டியின் ஒரே பக்கத்தில் இறங்குகிறது. அதைத் தாங்குவது உங்கள் ஒரு கால். அது நுனிக்காலாக இருந்து, தரையில் கொஞ்சம் மணலும் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இருக்கை உயரம் 790 மில்லிமீட்டர், 800 மில்லிமீட்டர் என்று எண்ணை மட்டும் ஒப்பிடுகிறார்கள். அகலமான இருக்கை உங்கள் தொடைகளை விரித்துவிடும், அதனால் 790-லேயே கால் எட்டாமல் போகலாம். முன்பக்கம் ஒடுங்கிய இருக்கை என்றால் 800-லும் பாதம் முழுதாகப் பதியலாம். அதோடு, சோதனை ஓட்டத்துக்குத் தினமும் போடும் காலணியைப் போட்டுக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பலர் தனியாகப் போய் ஓட்டிப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அவர் ஏற வேண்டும், உட்கார வேண்டும், ஒரு மேடுபள்ளத்தில் பின்னால் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 160-களில் பல, பின்னிருக்கையை உயர்த்தி, சிறிதாக்கி வைத்திருக்கின்றன. அதில் உட்காருபவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் முதுகின் மேல் சரிவார், உங்கள் மணிக்கட்டும் அந்தச் சுமையைத் தாங்கும்.

சின்ன என்ஜினை வாங்கினால் கௌரவக் குறைவு என்று ஒரு தயக்கம் உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இல்லை, ஆனால் இந்தக் கேள்வியை அனுப்பிய வேறு பலரிடம் இருக்கிறது. 1958-இல் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் வெறும் 50 சிசியில் தொடங்கிய வண்டி. 2017-இல் அதன் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. மோட்டார் பொருத்திய வாகனங்களில் வேறெந்த மாடலும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. லேசாக இருந்தது, கைக் கிளட்சே இல்லாமல் கியர் மாற்ற முடிந்தது, கால் எளிதாகத் தரையில் பட்டது. உலகம் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் அதை வாங்கியதற்கு இந்தக் காரணங்களே போதுமாக இருந்தன.

மைலேஜுக்கு வருகிறேன். நிறுவனம் சொல்லும் எண், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரத்தை ஓட்டி, வரையறுத்த வேக அட்டவணைப்படி அளந்தது. உங்கள் நெரிசல் அந்த அட்டவணையில் இல்லை. எனவே அந்த எண்ணை இரண்டு வண்டிகளை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கை நாமே போடலாம். ஒரு நாளைக்கு 38 கிலோமீட்டர், மாதம் 25 நாள், மொத்தம் 950. நடைமுறையில் 125 லிட்டருக்கு 55 கிலோமீட்டரும், 160 லிட்டருக்கு 45-உம் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு 17 லிட்டருக்குச் சற்று மேல், மற்றொன்றுக்கு 21 லிட்டர். வித்தியாசம் மாதம் நான்கு லிட்டர்கூட இல்லை. எனவே மைலேஜை மட்டும் வைத்து 160-ஐ ஒதுக்க வேண்டாம், மைலேஜுக்காக மட்டும் 125-ஐ எடுக்கவும் வேண்டாம். ஒரே சிசி வண்டிகளுக்குள் 58 கொடுக்குமா 60 கொடுக்குமா என்ற ஆராய்ச்சியை இன்றே விட்டுவிடலாம். டயரில் காற்று குறைந்தாலே அந்த இரண்டு கிலோமீட்டர் போய்விடும்.

பிரேக். இங்கே என் பதில் சற்றுச் சிக்கலாகிறது, பொறுமையாகக் கேளுங்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் பாய்கிறது, அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. அந்தச் சக்கரம் சுழல்வதை நிறுத்திப் பூட்டிக்கொண்டால், ஈரச் சாலையில் நிமிர்ந்து நிற்பது அநேகமாக முடியாது. ஏபிஎஸ் செய்வது இதுதான்: சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை உணர்ந்து, பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பலமுறை தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கும். 1988-இல் பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் மின்னணு ஏபிஎஸ் வந்தபோது அந்தக் கருவி மட்டும் 11 கிலோ. இன்று ஒரு கிலோவுக்கும் குறைவு, சின்ன வண்டியிலும் வைக்க முடிகிறது.

125-களில் பலவற்றில் ஏபிஎஸ்ஸுக்குப் பதிலாக இணைப்பு பிரேக், அதாவது சிபிஎஸ் இருக்கும். பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். முன்பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவர்களுக்கு அது உதவிதான். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே என் வரிசை இது. முன்சக்கரத்துக்காவது ஏபிஎஸ் உள்ள 125 கிடைத்தால், அதே வண்டியின் உயர்ந்த ரகமாக இருந்தாலும் சரி, அதை எடுங்கள். வேறு எந்தக் கூடுதல் வசதியையும் இதற்காக விட்டுக்கொடுக்கலாம். கிடைக்கவில்லை என்றால், அந்த 7 கிலோமீட்டர் திறந்த சாலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். அங்கே எல்லோரும் 60, 70-இல் போகிறார்கள், கனரக வாகனங்கள் ஓடுகின்றன, மழை அதிகம் என்றால், ஏபிஎஸ் உள்ள 160-களில் லேசானதை நான் பரிந்துரைப்பேன், உங்கள் இரு பாதமும் தரையில் பதிகிறது என்ற நிபந்தனையோடு. 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் நகர்கிறது. நீங்கள் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே அந்த 14 மீட்டர் போயிருக்கும். அதற்குப் பிறகு மிஞ்சும் தூரத்தில் வண்டி வழுக்காமல் நிற்க வேண்டும், பின்னால் உங்கள் மனைவி உட்கார்ந்திருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் மைலேஜையும் எடையையும் பின்னுக்குத் தள்ளுவேன்.

மற்றவை சுருக்கமாக. ட்யூப்லெஸ் டயர் எடுங்கள், ஆணி குத்தினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும், வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். சென்டர் ஸ்டாண்டு இருக்கிறதா என்று பாருங்கள். செயினுக்கு முழு மூடி உள்ள வண்டி என்றால் எனக்குத் தனி மரியாதை. திறந்த செயினை ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும், உங்கள் ஓட்டத்துக்கு அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முதல் இரண்டு மாதம் எல்லோரும் செய்கிறோம், பிறகு விட்டுவிடுகிறோம். மூடி இருந்தால் தூசியும் சேறும் உள்ளே போவது குறைந்து, செயினும் ஸ்ப்ராக்கெட்டும் நீண்ட நாள் உழைக்கும்.

சோதனை ஓட்டம் கேட்கும்போது கடைக்குப் பின்னால் உள்ள காலித் தெருவில் ஒரு சுற்று போதும் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். மாலையில், அலுவலகம் விடும் நேரத்தில் போய்க் கேளுங்கள். நெரிசலுக்குள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, திரும்பி வந்ததும் என்ஜினை அணைத்து, வண்டியைத் தனியாகப் பின்னோக்கித் தள்ளி ஓர் இடுக்கில் நிறுத்திப் பாருங்கள். பிறகு இடது கை விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.